கிளிப் படம் போட்ட தீப்பெட்டி

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் வரும் அந்த ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஊருக்கு இன்னொரு படிவம் போய்விடும். ஏற்கெனவே போன படிவங்களிலிருந்தே ஊர் இன்னும் தேறவில்லை.

1984-ஆம் வருஷம், தை மாதம். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் போட்டு மதுரைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தவசி, தன் மகள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சோறு தின்பதைக் கவனித்தார். மகள் பெயர் ஜெயக்கொடி. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு.

"ஏந்தாயி, கழுத்து வலிக்குதா?"

"இல்லப்பா. இந்தக் கண்ணால பாத்தா சோறு கலங்கலாத் தெரியுது."

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இடது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக என்னவோ மினுங்கியது. அன்றைக்கு மூட்டை ஏற்றவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஸ்யாமளா என்று ஒரு கண் டாக்டர் இருந்தார். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மறைக்காம சொல்லிடறேன். இது ரெண்டுல ஒண்ணு. கண்ணுல வர்ற புத்துநோயா இருக்கலாம். அப்படின்னா கண்ணை எடுத்தாகணும், விட்டா குழந்தை உசுருக்கே ஆபத்து. இல்லேன்னா நாயோட குடல்ல இருக்கற உருளைப்புழு, அதோட குஞ்சு கண்ணுக்குள்ள போயிருக்கலாம். அதுன்னா கண்ணை எடுக்கவே கூடாது. மருந்து இருக்கு. வெளிலேந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"நாங்க நாய் வளக்கலியே டாக்டரம்மா."

"நீங்க வளக்க வேண்டாம். ஊர் நாய் மண்ணுல போகும், முட்டை மண்ணுல கிடக்கும். குழந்தை மண்ணுல விளையாடிட்டுக் கையை வாயில வைக்கும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்ல எத்தனையோ பேருக்கு இது இருக்கு. யாரும் பாக்கறதில்ல."

எது என்று சொல்ல ஒரே வழி, ரத்தப் பரிசோதனை. அதற்கான இயந்திரம் மதுரையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"சித்திரைத் திருவிழாவுக்குள்ள ரிசல்ட் வேணும். அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன். தெரியலேன்னா, உசுரு முக்கியம்னு கண்ணை எடுக்க எழுதிக் குடுத்துடுவேன். சீக்கிரம் கொண்டு வந்தா பார்வையும் மிஞ்சும்."

இயந்திரம் இருந்த இடத்தின் பெயர் பள்ளி மாணாக்கர் நாய்ப்புழுப் பரவல் ஆய்வுத் திட்டம். பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாய்ப்புழு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே ஏற்பட்ட திட்டம். தவசிக்கு நம்பிக்கை வந்ததில் தப்பில்லை. நமக்கு வேண்டியதைச் செய்வதற்கென்றே ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது.

அந்தத் திட்டத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அதே கட்டடத்தில், அதே ஆட்களைக் கொண்டு கொக்கிப்புழு ஆய்வு நடந்தது. அது முடிந்தபோது நாற்பதாயிரம் படிவங்கள் மிஞ்சிவிட்டன. அச்சடித்த படிவத்தை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து, 'கொக்கி' என்ற இடத்தில் எல்லாம் 'நாய்' என்று குத்தினார்கள். இப்படித்தான் நாய்ப்புழுத் திட்டம் பிறந்தது. படிவத்தில் ஒரே கேள்விதான் உண்டு. மலத்தில் முட்டை உண்டா, இல்லையா?

கொக்கிப்புழு மனிதக் குடலில் முட்டையிடும். நாய்ப்புழு நாயின் குடலில் மட்டும்தான் முட்டையிடும். மனித உடம்புக்குள் அது வளர்வதே இல்லை. கண்ணிலோ ஈரலிலோ வழி தெரியாமல் திரிந்துவிட்டு அங்கேயே கிடக்கும். ஆகவே அந்த நோய் உள்ள குழந்தையின் மலத்தை ஆயுள் முழுவதும் சோதித்தாலும் ஒரு முட்டைகூடக் கிடைக்காது. இதை டாக்டர் ஸ்யாமளா தன் கடிதத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். திட்டத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அனந்தலக்ஷ்மி என்ற பெண்ணும் முதல் கூட்டத்திலேயே எழுந்து இதைச் சொன்னார். 'உறுப்பினர்கள் மகிழ்ச்சியுடன் கலந்துரையாடினர்' என்று அது குறிப்பேட்டில் பதிவாயிற்று.

திட்டத்தின் இயக்குநர் சொக்கநாதன், தவசியையும் ஜெயக்கொடியையும் குளிரூட்டிய அறையில் சந்தித்தார். அந்த ஏ.சி. உண்மையில் அவருக்காக வந்ததல்ல. ரத்தப் பரிசோதனை இயந்திரத்துக்குச் சூடு ஆகாது என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்ததால் வந்தது. இயந்திரம் இருந்த அறைக்கு இயக்குநர் தன் மேஜையைக் கொண்டுவந்துவிட்டார். இயந்திரம் மூலையில் நீல வெல்வெட் துணி போர்த்தி நின்றது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. சுவரில் ஒரு பலகை. 'இரத்தம் பொய் சொல்லலாம். மலம் பொய் சொல்லாது.' கீழே சொக்கநாதன் பெயர்.

கடிதத்தை அவர் படித்தார். படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"தனியார் டாக்டரு. அவங்களுக்கு நடைமுறை தெரியாது. இங்க ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டம் மலம். அதுல முட்டை உண்டுன்னு வந்தாத்தான் ரெண்டாம் கட்டம், ரத்தம்."

"ஐயா, மலத்துல வராதுன்னு அந்தம்மா எழுதியிருக்காகளே?"

"வராதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?"

தவசி மூலையில் நின்ற இயந்திரத்தைக் காட்டினார்.

"அந்த மிசினு சும்மாத்தானங்கய்யா இருக்கு? ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்துட்டா..."

"சும்மா இல்ல. பாதுகாப்பா இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு ரிப்பேர் கிடையாது, தெரியுமா?" என்றார் இயக்குநர்.

மாசி இரண்டாம் வாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜீப் வந்தது. தீப்பெட்டி வழங்கும் விழா. மாதிரி எடுத்து வைக்கச் சிவகாசியிலிருந்து காலித் தீப்பெட்டிகள் தருவித்திருந்தார்கள். மேலே பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு. பந்தல், மைக் செட், தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாம் ஆனது. குத்துவிளக்கு ஏற்றும்போதுதான் நெருப்பு இல்லை என்று தெரிந்தது. மேடையில் நூற்றுப் பன்னிரண்டு தீப்பெட்டி இருந்தது. ஒன்றிலும் குச்சி இல்லை. தலைமையாசிரியர் எதிர்க் கடைக்கு ஆள் அனுப்பினார்.

இயக்குநர் பேசினார்.

"குழந்தைச் செல்வங்களே! உங்கள் கையில் இருப்பது வெறும் தீப்பெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். நாளை நீங்கள் இதில் வைத்துத் தரப்போவதை நாடே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் முப்பது ஆண்டுகளாகப் பொதுச் சுகாதாரத்தில் இருக்கிறேன். இந்த முப்பது ஆண்டுகளில் ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டதில்லை. நோயாளியைத் தொட்டால் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடும். மாதிரி முக்கியம், மனிதன் அப்புறம்!"

கைதட்டினார்கள். நூறு சதவிகிதம் மாதிரி தரும் வகுப்புக்குச் சுழற்கேடயம் உண்டு என்று அறிவித்தார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வழிபாட்டில் பிள்ளைகள் தீப்பெட்டியை வலது கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கொண்டுவராதவர்களை வெயிலில் தனியாக நிறுத்தினார்கள். மாதிரிக்கென்று தனி வருகைப் பதிவேடு போட்டார்கள். நான்காம் வகுப்பின் முப்பது பெட்டிகளும் பத்து மணிக்குள் வந்துவிட்டன. அவற்றில் இருபது ஒரே பையனின் தாராள மனதால் நிரம்பியவை என்பது வகுப்புக்கே தெரியும். கேடயம் அந்த வகுப்புக்குத்தான் போனது.

ஜெயக்கொடியின் பெட்டியைத் தவசி தன் கையாலேயே பேர் எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தின சாயங்காலம் வீட்டு வாசலில் அவளை நிறுத்தி, வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, பெட்டியை எட்டத்தில் பிடித்துக் காட்டினார்.

"என்ன படம் தாயி?"

"கிளி."

"மூக்கு என்ன கலரு?"

சாய்ந்து சாய்ந்து பார்த்தாள். "மூக்கு தெரியலப்பா. கிளிதான்."

தவசியிடம் இயந்திரம் இல்லை. படிவம் இல்லை. அவர் செய்தது மட்டும்தான் அந்த வருஷம் அந்த மாவட்டத்தில் ஒழுங்காக நடந்த பரிசோதனை என்பது என் அபிப்பிராயம்.

பிறகு ஆறு வாரம் அவர் ஆபீஸுக்கு நடந்தார். கத்திரிச் செடி வாடியது. மனைவி அன்னக்கொடி தனியாகத் தண்ணீர் பாய்ச்சினாள். ஆபீஸில் முத்துக்கருப்பன் என்று ஒரு எழுத்தர், நல்ல மனிதர், ஒவ்வொரு தடவையும் உட்காரச் சொல்லி விவரம் சொல்வார். முதல் தடவை, பெட்டிகள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாவது தடவை, பீரோ சாவி வைத்திருப்பவர் லீவில் போயிருக்கிறார். மூன்றாவது தடவை, பீரோ இருக்கிற அறைக்குள் யாராலும் போக முடியவில்லை. நான்காவது தடவை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வேலை நடக்குதுண்ணே," என்றார்.

பங்குனிக் கடைசியில் முடிவுகள் வந்தன. கூடவே நூற்றுப் பன்னிரண்டு காலித் தீப்பெட்டிகளும் திரும்பி வந்தன. அரசாங்கப் பொருள் ஆயிற்றே. தலைமையாசிரியர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

நூற்றுப் பதினோரு பிள்ளைகளுக்கு 'இல்லை'. ஒரே ஒரு பிள்ளைக்கு 'உண்டு'. அது மூன்றாம் வகுப்பு சோலையம்மாள், நல்லகாமன் மகள்; ஊரிலேயே துடியான பிள்ளை. ஜெயக்கொடிக்கு 'நாய்ப்புழு இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று முத்திரையோடு தாள் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு தவசி ஓடினார்.

"இல்லைன்னு வந்தா நல்லதுதானண்ணே, சந்தோசமாப் போங்க," என்றார் முத்துக்கருப்பன்.

"ஐயா, புழு இல்லேன்னா புத்துநோயின்னு ஆயிரும்யா. கண்ணைத் தோண்டிருவாகய்யா!"

முத்துக்கருப்பன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அது வேற டிபார்ட்மெண்டுண்ணே," என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் தவசி மறுபடி வலது கண்ணை மூடித் தீப்பெட்டியைக் காட்டினார். "பச்சையா என்னமோ இருக்கு," என்றாள் ஜெயக்கொடி. அன்னக்கொடி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சித்திரைத் திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

திட்டத்திலோ கொண்டாட்டம். இரண்டு வருஷத்தில் அகப்பட்ட முதல் நோயாளி. சோலையம்மாளுக்குப் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. மாலை போட்டார்கள். மேடையிலேயே மாத்திரை கொடுத்தார்கள். அவள் விழுங்கியதும் கூட்டம் கைதட்டியது. வெல்வெட் துணியை விலக்கி, ரிப்பன் வெட்டி, இயந்திரத்தை முதல்முதலாக ஓடவிட்டார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று அனந்தலக்ஷ்மி படித்துச் சொன்னார்.

இயக்குநர் மைக்கைப் பிடுங்கினார். "காலையில் மாத்திரை! மாலையில் குணம்! உலகத்தில் எங்கேயாவது உண்டா?"

பந்தலுக்குப் பின்னால் நல்லகாமன் பீடி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை.

"மாப்ள, ஒரு விசயம் சொல்றேன், மனசுக்குள்ள வச்சுக்க," என்றார் தவசியிடம். "எம்மகளுக்கு அன்னைக்குன்னு பாத்து மூணு நாளா வெளிக்கு வரல. வெறும் பெட்டியோட போனா வெயில்ல நிக்கணும்னு அழுதுருக்கா. அவுக ஆத்தா என்ன பண்ணுச்சு, நம்ம செவலை நாயி குட்டி போட்டுக் கிடந்துச்சுல்ல, அதுக்குப் பக்கத்துல கிடந்ததை ஒரு குச்சியால எடுத்துப் பெட்டியில வச்சுருச்சு."

மைக்கில் தேசிய கீதம் போட்டார்கள். இரண்டு பேரும் விறைப்பாக நின்றார்கள்.

தவசி பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. சந்தையில் சொத்தைக் கத்திரிக்காயை மூட்டைக்கு அடியில் வைக்காதவர். அந்த மனிதர் மறுநாள் விடிகாலையில் செவலை நாயின் பின்னால் கால் மணி நேரம் நடந்தார். நாய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சந்தேகப்பட்டது. பெட்டியை மூடி, 'த. ஜெயக்கொடி, ஒன்றாம் வகுப்பு' என்று எழுதினார். உண்மையை நிரூபிக்கப் பொய்யான மலம் தேவைப்படுகிற ஓர் ஆபீஸை நம்முடைய ஆட்கள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மறுமாதிரி மேல்முறையீடு என்று அதற்கொரு படிவம் இருந்தது. பெட்டியைத் திறந்த அனந்தலக்ஷ்மி ஒரு நொடி பார்த்தார். தவசியையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த நாய்?" என்று கேட்டார்.

"செவலைங்கம்மா."

அனந்தலக்ஷ்மி தலையாட்டிவிட்டு, 'முட்டை உண்டு, ஏராளம்' என்று எழுதினார். அப்போதே ஜெயக்கொடியின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தார். மறுநாளே முடிவு தெரிந்துவிட்டது. இந்தத் தடவை பொய் இல்லை. ரத்தத்தில் நாய்ப்புழு உண்டு, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் உண்டு.

ஆனால் தாளில் இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் சென்னையில் ஒரு கருத்தரங்கில் சோலையம்மாளைப் பற்றிப் பேசப் போயிருந்தார். ஒன்பது நாள் ஆயிற்று. கையெழுத்துப் போட்ட தாளோடு தவசி டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்கு முந்தின நாள். பஸ்ஸெல்லாம் கூட்டம், திருப்பரங்குன்றம் வரை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றபடியே போனார்.

டாக்டர் ஸ்யாமளா தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணை எடுக்க வேண்டாம். பிழைச்சுது," என்றார். பிறகு கண்ணைச் சோதித்தார். வெகு நேரம் சோதித்தார். "தையிலேயே இதைக் கொண்டு வந்திருக்கலாமே," என்றார். மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். "மருந்து தரேன். எவ்வளவு பார்வை மிஞ்சும்னு சொல்ல முடியாது. நாலு மாசம் கழிச்சு ரத்தம் இன்னொரு தடவை பாக்கணும். புழு அடங்கிடுத்தா, மருந்தை நிறுத்தலாமா, கூட்டணுமான்னு அதை வெச்சுத்தான் சொல்லணும்."

இயக்குநருக்கும் இந்த முடிவு மகிழ்ச்சி தந்தது. மேலிடத்துக்கு எழுதினார். 'மலத்தில் உண்டு, இரத்தத்திலும் உண்டு. எமது முதல் கட்டப் பரிசோதனை நூறு சதவிகிதம் சரி என்று நிரூபணமாகிவிட்டது.' அதைப் படித்தவர்கள் மாநிலம் முழுவதும் தீப்பெட்டி முறையை விரிவாக்க உத்தரவு போட்டார்கள். செவலை நாய்க்கு இது தெரியாது.

அந்த ஊரில் மட்டும் ஆனி மாதம் இரண்டாம் சுற்று நடந்தது. இதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதைத் தவசி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். "ரத்தம் பாக்கணும்னா ஒரே வழிதான்," என்பதையும் சொன்னார். அந்த நாலு நாள் ஊர் நாய்களுக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் நாய்க்குப் பத்தடி பின்னால் பவ்யமாக நடந்தார்கள். பழைய சோற்றோடு கறித்துண்டும் விழுந்தது. "எனக்கு விட்டுக் குடுண்ணே, எனக்கு ரெண்டு பிள்ளைக," என்று தெருவில் சண்டை வந்தது. தலைமையாசிரியர் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் தானே நேரில் போய் எடுத்து வந்தார்.

முடிவு, நூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு 'உண்டு'.

விதிப்படி அத்தனை பேருக்கும் ரத்தம் பார்த்தாக வேண்டியிருந்தது. அனந்தலக்ஷ்மி ஒரு வாரம் இராப்பகலாக இயந்திரத்தோடு உட்கார்ந்தார். ஜெயக்கொடிக்கு அடுத்த பரிசோதனை ஆவணியில்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவளுக்குச் சித்திரையில் வந்த முடிவையே எழுதிக்கொண்டார்கள். அவளையும் சேர்த்து முப்பத்தேழு பிள்ளைகளின் ரத்தத்தில் நாய்ப்புழு இருந்தது. மூன்றில் ஒருவர். திட்டம் எதற்காகப் பிறந்ததோ அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அனந்தலக்ஷ்மி அதைத் தட்டச்சு செய்து இயக்குநர் மேஜையில் வைத்தார்.

இயக்குநர் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். மலத்தில் நூற்றுப் பன்னிரண்டு. ரத்தத்தில் முப்பத்தேழு. அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆவணியில் இரண்டாம் ரத்தப் பரிசோதனைக்காகத் தவசி மகளை அழைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனபோது, நாலு பேர் ஒரு பெரிய மரப்பெட்டியை வாசல் வழியாக லாரிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நீல வெல்வெட் துணி மட்டும் தரையில் கிடந்தது. அனந்தலக்ஷ்மியைக் காணோம். தீப்பெட்டி எண்ணும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம்.

"வாங்க, வாங்க. நம்ம ரெண்டாவது நோயாளி," என்றார் இயக்குநர். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. "மெஷினைத் திருப்பி அனுப்பறோம். நூத்திப் பன்னெண்டு பேருக்கு நோய் இருக்கு, இது முப்பத்தேழுதான் கண்டுபிடிக்குது. எழுபத்தஞ்சு பேரைக் கோட்டை விட்ட மெஷினை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இனிமே எல்லாத்துக்கும் தீப்பெட்டிதான். புது ஸ்டாக் அஞ்சு லட்சம் வந்திருக்கு." மேஜையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "மூணு நாளைக்குள்ள கொண்டாங்க."

தவசிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஐயா, அது எம்மகளோடது இல்லய்யா. நாயோடது. அம்புட்டுப் பெட்டியிலயும் இருந்தது நாயோடதுதான். நாங்கதேன் வச்சோம். பொய்தேன். என்னைய ஜெயில்ல வேணாலும் போடுங்க. அந்த மிசினை மட்டும் இறக்கச் சொல்லுங்கய்யா. எம்மக ரத்தத்தை ஒருவாட்டி பாத்துட்டு ஏத்துங்க. உங்க கால்ல விழுறேன்."

விழுந்தார். இயக்குநர் காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் என்றைக்கும் மன்னிக்கமாட்டேன்.

"நாயோடதா? அத்தனையுமா?"

"அத்தனையும்ங்கய்யா."

"அப்ப எங்க பரிசோதனை ஒண்ணுகூடத் தப்புப் பண்ணலையே! நாய்ப்புழு இருக்குன்னு சொல்லிச்சு, இருந்திருக்கு. நூத்துக்கு நூறு! யாரோட மலம்னு எங்க படிவத்துல கேள்வியே கிடையாதே." முத்துக்கருப்பனைக் கூப்பிட்டார். "இதைக் குறிச்சுக்கய்யா. நம்ம முறை நாய்களுக்கும் பொருந்துது."

வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

பஸ் ஸ்டாப்பில் வெயில். ஜெயக்கொடி சர்பத் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. ஏழு மாதமாக ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று அலைந்ததில் எதையும் கேட்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை பழகியிருந்தது. தவசி ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முன்னால் குந்தி, வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். ஆபீஸில் கொடுத்த புதுத் தீப்பெட்டியை எடுத்து, முன்பு காட்டியதைவிடக் கிட்டத்தில் பிடித்தார். புது ஸ்டாக். மேலே சிவப்பு யானை, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன படம் தாயி?"

ஜெயக்கொடி தலையைச் சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். அப்பாவின் மூச்சு தன் முகத்தில் படுவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கிளிப்பா," என்றாள். "மூக்குகூடத் தெரியுது. சிவப்பா இருக்கு."

தவசி பெட்டியை மடியில் கட்டிக்கொண்டார்.

"ஆமா தாயி," என்றார். "கிளிதேன்."